கப்பல் டப்பாவும் சிவப்புக் கயிறும்

பாவ்நகர்,
ஆசோ மாதம், தேய்பிறை சஷ்டி.

ஸ்வஸ்தி ஸ்ரீ. அம்ரேலி என்னும் சுபஸ்தலத்தில் சகல சௌகரியங்களுடன் வீற்றிருப்பவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், என் மனைவியின் மூத்த சகோதரரும், ஆகையினால் எனக்கு எந்தக் காலத்திலும் ஓய்வுபெறாத மேலதிகாரியுமான மச்சான் வினயகாந்த் அவர்களின் சமூகத்துக்கு, பாவ்நகரிலிருந்து லாபசங்கர் ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். உங்கள் தங்கை ஜசுமதி நலம். நதியாட்டில் மகள் தர்ஷனாவும் அவளுடைய இரண்டாவது குழந்தையும் நலம். ஊஞ்சல் நலம், பால்காரர் நலம். அடுப்படி மட்டும் நலமாக இல்லை. அதற்காகவே இந்தக் கடிதம். பேனாவில் மை மங்கலாக வருகிறது, வரிகள் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை இன்றோடு ஏழு நாளாக அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு காலால் தரையை உந்தி ஆடிக்கொண்டே தெருவைப் பார்க்கிறாள். நான் சமைக்கிறேன். நான் சமைத்ததை அவள் சாப்பிடுகிறாள், குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இது போதாதென்று நேற்று முன்தினம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். தீபாவளி கழிந்து வரும் பாய்பீஜ் அன்றைக்கு அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிடுவதுதானே முறை, முப்பத்தெட்டு வருஷமாக நீங்களும் தவறாமல் வந்து சாப்பிட்டு, வெற்றிலையோடு என் குறைகளையும் மென்றுவிட்டுப் போகிறீர்கள். இந்த வருஷம் அவள் சொல்கிறாள்: "அண்ணன் வர வேணாம். நானே அம்ரேலிக்குப் போறேன். அண்ணன்கிட்ட கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. போனா எப்ப வருவேன்னு தெரியாது." தங்கை பெட்டியோடு வந்து இறங்கினால் உங்கள் தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். என் தெருவில் நாற்பது பேர் பேசுவார்கள். ஆகவே நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அவளுக்குப் புத்திமதியாக ஒரு கடிதம் போடுங்கள், உங்கள் சொல்லைத் தட்ட மாட்டாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, நான் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கை முப்பத்தொரு வருஷம் ஆண்டவன். நாலாயிரத்துச் சொச்சம் சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தட்டு, ஒரு சீட்டு. ஒரு திருகு கேட்ட இடத்தில் வேறு திருகு போனதில்லை என்று ஓய்வு பெற்ற அன்றைக்குக் கேடயம் கொடுத்தார்கள், அது கூடத்தில் காலண்டருக்கு மேலே தொங்குகிறது, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் அடுப்படி எப்படி இருந்தது தெரியுமா? பட்டாணி இருந்தது பிஸ்கட் டப்பாவில், பிஸ்கட் இருந்தது குழந்தைப் பால்பொடி டப்பாவில், பால்பொடி வாங்கியே இருபத்தைந்து வருஷம் ஆகிறது. துவரம்பருப்பு டப்பாவுக்கு வயிற்றில் ஒரு நசுங்கல், ஓமம் டப்பாவுக்கு மூடியே கிடையாது, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பாள். இதெல்லாம்கூடப் பழையது என்று விட்டுவிடலாம். இந்த இரண்டு வருஷத்தில் புதிதாக ஒரு வியாதி வந்தது. சர்க்கரை டப்பாவின் கழுத்தில், கோயிலில் மணிக்கட்டில் கட்டிவிடுவார்களே அந்தச் சிவப்புக் கயிறு, மூன்று சுற்று. உப்பு டப்பாவுக்குச் சணல். தேயிலை டப்பாவுக்கு ரப்பர் வளையம் இரண்டு. மிளகாய்த்தூள் டப்பாவின் மூடியில் என் பழைய சட்டைப் பித்தான் ஒன்றை ஒட்டவைத்திருந்தாள். "என்ன ஜசு, டப்பாவுக்கெல்லாம் தாலி கட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டேன். "கெடக்கட்டும். டப்பாவுக்கும் திருஷ்டி படக்கூடாதில்ல" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் வரும் என்பது கல்யாணமான முதல் வருஷமே தெரிந்துவிட்டது.

இப்படிக் கீழே அலங்கோலம். மேலே நிமிர்ந்தால் அபராயி, சுவரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் ஓடுகிற அந்தப் பலகையில் நாற்பத்திரண்டு பித்தளைப் பாத்திரம், பெரியதிலிருந்து சின்னது வரை அணிவகுத்து நிற்கும். நீங்கள் சீராகக் கொடுத்த குடம் நடுநாயகமாக, உங்கள் பெயர் வெட்டிய பக்கம் முன்னால் தெரிய. வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்கு முன்னால் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றுவது. அதில் ஒரு நாள் ஒரு பிடி அரிசி வெந்தது உண்டா? கிடையாது. மேலே இருப்பதற்கு அழகு உண்டு, வேலை இல்லை. கீழே இருப்பதற்கு வேலை உண்டு, அழகு இல்லை. ஒரு கிடங்குக்காரன் எத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? நான் முப்பத்தெட்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷனாவின் பிரசவத்துக்காக ஜசு நதியாட்டுக்குக் கிளம்பி, நாற்பத்தைந்து நாள் வர மாட்டாள் என்று தெரிந்ததும், அழகையும் உபயோகத்தையும் ஒரே டப்பாவில் அடைப்பது என்று முடிவு செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன்.

அலங் சாலையில் உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே போனேன். ஒரு கப்பலின் சமையல்கட்டையே கழற்றி நிறுத்தியிருந்தான். வெள்ளை அலமாரி, அதற்குள் முப்பத்தாறு வெள்ளை டப்பா, எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், பல்வரிசை மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு இரும்புத் தண்டு, கப்பல் ஆடும்போது டப்பா விழாமல் இருக்க. கடைக்காரன் சொன்னான்: "மாமா, இது நார்வே கப்பல். கடல்ல ஏழு நாள் புயல் அடிச்சிருக்கு, ஒரு டப்பா அசையல." நான், "நம்ம வீட்டுல புயல் ஏதுப்பா?" என்றேன். "மாமி ஊர்லேர்ந்து வரட்டும், தெரியும்" என்றான். அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எட்டு நாள் வேலை. பித்தளையையெல்லாம் இறக்கிச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டேன். இந்தக் காலத்துச் செய்தித்தாள் அச்சும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, எழுத்தெல்லாம் கலைந்த கோலம் மாதிரி. அலமாரியைச் சுவரில் பதித்தேன். சாமான்களை டப்பாக்களில் நிரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன்: அடுப்புக்குக் கை எட்டும் தூரத்தில் தினசரிச் சாமான், அடுத்து வாராந்தரம், மேலே பண்டிகைச் சாமான். அழகு கெடக் கூடாதென்று பொடி எழுத்தில், அரை அங்குலச் சீட்டில், மணி மணியாக எழுதி ஒட்டினேன். பழைய டப்பாக்களை, கயிறும் பித்தானும் சகிதம், பழைய சாமான் வண்டிக்கார ஜீவனிடம் தள்ளிவிட்டேன். அண்டை வீட்டு ரசீலா அண்ணி வந்து பார்த்து, "அண்ணா, செருப்பக் கழட்டிட்டு வரணுமா?" என்று கேட்டாள். அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

தசரா அன்றைக்கு ஜசு வந்தாள். அன்று அடுப்பு மூட்ட வேண்டாமென்று நான் பாஃப்டாவும் ஜிலேபியும் வாங்கி வைத்திருந்தேன். அடுப்படி வாசலில் பையோடு நின்றவள் முதலில் மேலே பார்த்தாள். "செவுரு மொட்டையா இருக்கே" என்றாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி." பிறகு இரும்புத் தண்டைத் தூக்கி ஒரு டப்பாவை எடுத்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "செவப்புக் கயிறு கட்டின டப்பா எங்க?" என்று கேட்டாள். "வண்டியில போயாச்சு. அந்தச் சனியன் எதுக்கு?" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இனிமேல்தான் மச்சான் நீங்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் டீயில் உப்பு. நான் பெரிய மனதோடு, பழக்கமில்லை, போகப் போகச் சரியாகும் என்று சொல்லி இன்னொரு கோப்பை போடச் சொன்னேன். சாயங்காலம் கிடங்குச் சோதனை மாதிரி ஒரு பார்வை பார்த்தால், சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு டப்பா, உப்பு இடத்தில் சர்க்கரை டப்பா. இவள் இடத்தை மாற்றி வைத்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை பேசாமல் சீட்டுப்படி திரும்ப மாற்றி வைத்தேன். அடுத்த நாள் மோர்க் கடியில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை. நம் வீட்டுக் கடியில் ஏற்கனவே வெல்லம் உண்டா, அதனால் முதல் கிண்ணத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன், மூன்றாவதில்தான் உறைத்தது. அதற்கு மறுநாள் தோக்ளா, உப்பி எழும்ப வேண்டிய பண்டம் தட்டோடு படுத்துவிட்டது, கரண்டியால் அடித்தால் மணியோசை. சோடா டப்பாவை எடுப்பதற்குப் பதில் மைதாவை எடுத்திருக்கிறாள். நம் வீட்டில் ஸ்வாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைப்பது கிடையாது, மோந்து பார்ப்பதுகூடக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மா பழக்கிய ஆசாரம். ஆகவே இந்த மூன்று நாளும் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் ஸ்ரீ கிருஷ்ணன். நான் இரண்டாவது.

நாலாம் நாள் நதியாட்டுச் சம்பந்தி, சம்பந்தியம்மாளோடு வந்தார், பேரன் பிறந்ததற்குப் பேடா கொண்டு. ஜசு தூத்பாக் வைத்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலம் போட்டு, எல்லாரும் இலையில் உட்கார்ந்த நேரத்தில் கடைசியாகச் சர்க்கரையைப் போட்டாள். பால் திரிந்தது. கண் முன்னால், புயலில் பட்ட படகு மாதிரி, இரண்டாகப் போய்விட்டது. மேல்தட்டு விருந்துச் சர்க்கரைக்குப் பதில் போட்டது எலுமிச்சை உப்பு. சம்பந்தி மரியாதைக்காரர், ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்ல, இதுவும் ஒரு தினுசா இருக்கு. கோடைக்கு நல்லது" என்றார். ஐப்பசியில் என்ன கோடை? எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். சம்பந்தி முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "அத்தனை டப்பாவுலயும் எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கக்கூடவா தெரியாது?" ஜசு என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கரண்டியைக் கழுவி மாட்டினாள். "என் தப்புதான் சம்பந்தி, மன்னிச்சுக்குங்க" என்றாள். அவர்கள் போன பிறகு என்னிடம், "இனி நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தவள்தான்.

ஒரு கிடங்கை ஆண்டவனுக்கு ஒரு கிச்சடி வைக்கத் தெரியாதா என்று நானே இறங்கினேன். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் வைத்த கிச்சடி பாயசமாக இருக்கிறது. நான் கிண்டிய ரவை ஷீரோ கடல் தண்ணீராக இருக்கிறது. சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் படித்துத்தான் எடுக்கிறேன், அடுப்படி டியூப் லைட்டும் முன்போல் வெளிச்சம் தருவதில்லை, வேறு மாற்ற வேண்டும், இருந்தும் எடுப்பது ஒன்று, வருவது ஒன்று. என் சீட்டில் தவறு இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே உங்கள் தங்கை என் மேல் வஞ்சம் வைத்து, நான் பால் வாங்கப் போகும் நேரத்தில் டப்பாவுக்கு டப்பா சாமானை மாற்றிக் கொட்டுகிறாள் என்று முடிவுக்கு வந்தேன். இதை எழுதத்தான் நேற்றுக் காலையில் பேனாவை எடுத்தேன். மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இனி வருவது இன்று எழுதுவது, இடையில் நடந்ததைக் கேளுங்கள்.

நேற்று மத்தியானம் எனக்கே மனசு கேட்கவில்லை. நான் வைத்த பருப்பை அவள் ஒரு சொல் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "போதும், நல்லா இருந்தது" என்றாள். அது நன்றாக இல்லை மச்சான், நாயும் தொடாது. முப்பத்தெட்டு வருஷமாக என் தட்டில் எது குறைந்தாலும் நான் உடனே சொல்லியிருக்கிறேன், இவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள். சமாதானத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அந்தச் சிவப்புக் கயிறு டப்பா ஞாபகம் வந்தது, வந்தவுடன் அவள் கேட்ட ஒரே சாமான் அதுதானே. ஜீவனைத் தேடிக் கிளம்பினேன். பழைய சாமான் பேட்டையில் தூரத்தில் ஜீவன் நிற்பதைப் பார்த்து, "ஏண்டா, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம போறே" என்று தோளைத் தட்டினேன். திரும்பியவர் நம் ஹவேலிக் கோயிலில் பூஜை செய்யும் முக்கியாஜி. இருவருக்கும் ஒரே உயரம், யாருக்கும் வரக்கூடிய பிழைதான். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவரே ஜீவனின் கொட்டகையைக் காட்டினார். பத்தொன்பது டப்பா அப்படியே கிடந்தது. மிளகாய்த்தூள் டப்பா மட்டும் ஒரு பான் கடைக்குப் போயிருந்தது, அங்கே போய்ப் பாக்கை அவன் மடியில் கொட்டிவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மொத்தம் இருபது. சாக்கு மூட்டையாகக் கொண்டுவந்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கொட்டினேன்.

ஜசு ஆட்டத்தை நிறுத்தினாள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பார்வை தெருவில்தான் இருந்தது மச்சான், கவனியுங்கள், டப்பாவைப் பார்க்கவே இல்லை. கையால் ஒரு தடவு, "இது துவரை." இன்னொன்று, "இது ஓமம்." ரப்பர் வளையத்தில் விரல் பட்டதும், "தேயிலை." சிவப்புக் கயிறு கைக்கு வந்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கயிற்றையே விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். "பாக்காமலே எப்படிச் சொல்றே?" என்றேன். "பாத்து என்ன ஆகப்போகுது" என்றாள்.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது. சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் ஜசுவுக்குக் கண் மங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கயிறு, சணல், வளையம், பித்தான் எல்லாம் அவள் கைக்கு எழுதி வைத்துக்கொண்ட சீட்டுகள். என் கிடங்கில்கூட அவ்வளவு நல்ல ஏற்பாடு கிடையாது. வெளியே சொன்னால், பார்வை போனவள் கையில் பிறந்த குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்று தர்ஷனா வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? அலங்கோலம் என்று அத்தனையையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரே மாதிரி முப்பத்தாறு வெள்ளை டப்பாவை வைத்து, எறும்புக்கால் எழுத்தில் எழுதி ஒட்டி, சம்பந்தி முன்னால் படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். கண் தெரியாதவளைப் பார்த்துக் கேட்டேன். மச்சான், நீங்கள் இங்கே இருந்து என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஜசு, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறைக்காதே. கண் முகாம் நடக்குது, நாளன்னிக்கே போயிடலாம். பயப்படாதே, நான் இருக்கேன்." அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, "சரி, போவோம். ஆனா ஒண்ணு, நீங்களும் காட்டணும். நீங்க காட்டினா நானும் காட்டுறேன்" என்றாள். எனக்கெதற்கு, நான் துணைக்கு வருகிறவன் என்றேன். "அதெல்லாம் தெரியாது. தனியா உக்காந்து காட்ட எனக்குப் பயம்" என்றாள். பாவம், குழந்தை மாதிரி. சரி என்றேன்.

ஆகவே மச்சான், நான் முதல் பக்கத்தில் கேட்ட புத்திமதிக் கடிதம் வேண்டாம். அவள் வஞ்சம் வைத்தாள் என்று எழுதியதை மன்னித்து அடித்துவிடுங்கள். என் சீட்டுகளில் பிழை இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் பிழையில்லாத சீட்டு கண் தெரியாதவளுக்கு எதற்கு? நீங்கள் பாய்பீஜுக்கு இங்கே வாருங்கள். சாப்பாடு நான் சமைப்பதாக இருந்தாலும் வாருங்கள். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் அவள் பிடிவாதம் பிடிப்பாள், அண்ணன் நீங்கள் எதிரே உட்கார்ந்து, சீராக இந்த வருஷம் புடவை வேண்டாம், ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடு என்று கேட்டு வாங்கித் தர வேண்டும்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். வரப்போகும் புத்தாண்டு உங்கள் அடுப்பில் பாலாகப் பொங்கட்டும், திரியாமல் பொங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கண்ணுக்குக் கண்ணாக இருப்பேன் என்று வாக்களிக்கும்,
லாபசங்கர்.

பி.கு. (அஷ்டமி): மச்சான், கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுகிறாள். இன்று முகாமுக்குப் போனோம். முதலில் ஜசுவை உட்கார வைத்தார்கள். பலகையில் இருந்த அத்தனை எழுத்தையும் படித்தாள், கடைசி வரிக்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயர், ஊர் உட்பட. அடுத்து என்னை உட்கார வைத்தார்கள். நான், "பலகை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். டாக்டர் என் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டுலயும் புரை நல்லா முத்திடுச்சே. இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரசீலா அண்ணியைக் கூப்பிட்டு முப்பத்தாறு சீட்டையும் படித்து, உள்ளே இருப்பதோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்பது தப்பு. உப்பில் சர்க்கரைச் சீட்டு, சர்க்கரையில் உப்புச் சீட்டு, மைதாவில் சோடா, எலுமிச்சை உப்பில் விருந்துச் சர்க்கரை, வெள்ளையாக இருந்ததெல்லாம் எனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அவள் ஒன்றையும் மாற்றிக் கொட்டவில்லை. அன்று இடம் மாற்றி வைத்தாளே, அவள் வைத்ததுதான் சரி. திருப்பி வைத்தவன் நான். "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "டீ வாயில பட்டப்பவே" என்றாள். "சம்பந்தி முன்னாடி நான் அப்படிக் கத்தினேனே, அப்பவாவது சீட்டு தப்புன்னு சொல்லியிருக்கலாமே?" அதற்கு அவள் சொன்னதை எழுத மாட்டேன் என்கிறாள், நான் எழுதச் சொல்கிறேன்: "ஒரு திருகு மாறலன்னு கேடயம் மாட்டி வெச்சிருக்கீங்க. அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடறவர்கிட்ட, உப்பும் சர்க்கரையும் மாறிப்போச்சுன்னு நான் சொல்லணுமா?" கோபமே இல்லையா என்றேன். "இல்லாம என்ன? அதான் ஏழு நாள் உங்க சமையலைச் சாப்பிட்டேன்ல" என்றாள். அம்ரேலிக்கு வருவதாகச் சொன்னதும் இதை என்னிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று உங்களிடம் யோசனை கேட்கத்தானாம்.

அந்தக் கயிறுகளும் எனக்காகக் கட்டியவை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிவராத்திரி அன்றைக்கு நான் டீயில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, தேயிலை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறாள். தான் இல்லாத நாளில் என் கைக்குத் தட்டுப்பட வேண்டுமென்று. "உனக்கு வேணாமா?" என்றேன். "எனக்கெதுக்கு? அந்தப் பழைய டப்பால்லாம் எனக்குக் குலுக்கினாலே தெரியும்" என்றாள். பிறகு கேடயத்தைக் கழற்றப் போனேன். விடவில்லை.

கப்பல் அலமாரியில் இப்போது பழைய டப்பாக்கள் இருக்கின்றன, இரும்புத் தண்டை மட்டும் கழற்றிவிட்டோம். வெள்ளை டப்பாக்களை ரசீலா அண்ணி செடி வைக்கக் கேட்டிருக்கிறாள். பித்தளை நாளைக்கு மேலே ஏறுகிறது, உங்கள் குடம் முதலில். "அதுதான் உபயோகமில்லையே" என்றேன், பழக்கதோஷம். "மேல இருக்கறது வர்றவங்க பாக்க, கீழ இருக்கறது நாம சாப்பிட. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பறீங்க?" என்றாள். ஆபரேஷன், தீபாவளிக்குப் பதினைந்தாம் நாள் வரும் தேவ் தீபாவளி கழித்து. மச்சான், பாய்பீஜுக்குக் கட்டாயம் வாருங்கள். சமையல் அவள்தான். சம்மதம் மட்டும் என்னிடம் கேட்டு வாங்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள், இருந்தாலும் பயமாக இருக்கிறது.

அண்ணா, இது நான், ஜசு. அவர் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதிட்டேன். முன்னாடிப் பக்கங்கள்ல அவர் வரி மேலேயே வரி எழுதியிருக்கார், பாதி உங்களுக்குப் புரியாது, புரியாத வரைக்கும் நல்லது. வரும்போது நாகநாத் கோயில் வாசல்ல செவப்புக் கயிறு ஒரு உருண்டை வாங்கிட்டு வாங்க. ஆபரேஷன் ஆனப்புறம் கயிறு எதுக்குன்னு கேக்கறார். கண்ணு தெரிஞ்சாலும் இவருக்கு டப்பா தெரியாது.